சப்பாத்துக்குள் வெந்தயம்

அக்காவை நினைத்தால் இன்றும் எனக்கு முதலில் வருவது கோபம்தான். அடுத்ததாக, எங்கள் நோர்பரி வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பழைய பேப்பர் விரித்து ஏற்றி வைத்திருந்த ஒரு சோடிச் சப்பாத்து. மகள் அந்தக் காலணியின் அடிப்பள்ளங்களைப் பல்துலக்கும் பிரஷால் உரசிக்கொண்டிருந்தாள். மழைச்சட்டையின் பைகளை ஏற்கெனவே தூசி உறிஞ்சியால் சுத்தம் பண்ணி, மடிப்புகளில் ஒட்டியிருந்த புல்விதைகளைச் சின்னக் கிடுக்கியால் பிடுங்கியிருந்தாள். விமான நிலைய ஷிப்ட் முடிந்து நேரே வந்திருந்த அக்கா, கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்று பார்த்தா.

"உதென்ன பிள்ளை, சப்பாத்துக்குப் பல்லுத் தீட்டுறாய்?"

"அங்க ஒரு விதைகூடப் போகக் கூடாது, பெரியம்மா. வெரி ஸ்ட்ரிக்ட்."

மகள் போகவிருந்தது தென் அட்லாண்டிக்கில், கேப் டவுனில் இருந்து கப்பலில் ஒரு கிழமை போகவேண்டிய ஒரு தீவுக்கு. அங்குள்ள சதுப்பின் சேற்றில் பழைய மகரந்தம் படை படையாகக் கிடக்கிறதாம். ஆக அடியிலுள்ள படையில் காற்றுக்கு வளைந்த குட்டை மரங்களும் ஆளுயரப் புல்லும். மேலே வர வர, குளிரும் ஈரமும் கூடி மரங்கள் குறைகின்றன. அதற்கும் மேலே மனிதர் வந்திறங்கிய காலம்: விறகுக்கு மரம் போயிற்று, ஆடுகள் உயரப் புல்லைத் தின்று முடித்தன, ஊரிலிருந்து கொண்டுவந்த செடிகள் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. இதில் காலநிலையின் பங்கு எவ்வளவு, மனிதரின் பங்கு எவ்வளவு என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. அந்தச் சேற்றைத் தன் கையால் எடுக்கவேண்டும் என்பதற்காக அவள் இரண்டு நல்ல வேலைகளை மறுத்திருந்தாள். அந்தக் கடலை நினைத்து எனக்கு நித்திரை போய்ப் பல நாள்.

அக்காவுக்கோ, அந்தத் தீவில் வந்து குடியேறியவர்கள் மேல்தான் இரக்கம். "பாவங்கள், வெறுங்கையோடை வந்து என்னத்தைத் தின்னுறது? கொண்டுவந்ததைத்தானே நடுவினம்." அவ அப்படித்தான் பேசுவா. ஹவுன்ஸ்லோவில் வீடு வாங்கிய முதல் வருடமே, முன்பிருந்த வெள்ளைக்காரக் கிழவி வளர்த்த ஆப்பிள் மரத்தை வெட்டிவிட்டுப் புடலங்காய்க்குப் பந்தல் போட்டவ. முதலில் ஒன்றும் காய்க்கவில்லை. பிறகு கோடை சூடேறச் சூடேற, பயற்றங்காய்கூட வேலி தாண்டித் தொங்கியது. "பார், இந்த ஊரே எனக்காக மாறுது," என்று சிரிப்பா.

அன்றும் ஒரு பை நிறையச் சாப்பாட்டுச் சாமான் கொண்டுவந்திருந்தா. மகள் ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுத்தாள். நானும் சொன்னேன், "அக்கா, சொன்னால் கேளுங்கோ. பகிடியில்லை." அக்கா தலையாட்டினா. அந்தத் தலையாட்டலை நம்பி நான் தேத்தண்ணி ஊற்றப் போனேன்.

கப்பலில் இருந்து அழைப்பு வந்தபோது, மூழ்குகிற கப்பலைத்தான் என் மனம் கண்டது. வணக்கமும் இல்லை, அழுகையும் இல்லை. "அம்மா, வெந்தயம்," என்றாள் மகள். தரையிறங்க முந்திய நாள், கடைசிச் சோதனையில், சப்பாத்துக்குள் செருகியிருந்த காலுறையில் இருந்து அது கொட்டியிருக்கிறது. அக்கா துணியில் முடிந்து ஒளித்து வைத்த வெந்தயம், வயிறு நொந்தால் விழுங்க. முடிச்சு அவிழ்ந்து, குழுவின் கருவிகளுக்குள்ளும் உருண்டு போயிருக்கிறது. மற்றவர்கள் ஒரு நாள் முழுதும் பொறுக்கித் துடைத்துவிட்டுத்தான் இறங்கினார்கள். அவளுக்கு அனுமதி இல்லை. கப்பல் தட்டில் நின்று, முகில் விலகிய நேரத்தில் மட்டும் தீவைப் பார்த்தாளாம்.

அவள் திரும்பி வருவதற்குள் அக்காவுக்கு இதயத்தில் சத்திரசிகிச்சை நடந்துவிட்டது. அவவிடம் கேட்க வைத்திருந்த கேள்விகளை எல்லாம் ஒத்திவைத்தேன். பார்க்கப் போனபோது, அக்கா கட்டிலில் சாய்ந்தபடி என்னை விட்டுவிட்டு மகளைத்தான் கேட்டா: "எப்பிடியடி உன்ரை தீவு?"

ஒரு சின்ன விஷயத்துக்கும் ஆதாரம் கேட்கிற என் பிள்ளை, கண் சிமிட்டாமல் சொன்னாள்: "நல்லா இருந்தது, பெரியம்மா. ஒரு நாள் சரியான வயித்துக்குத்து. உங்கட வெந்தயம்தான் காப்பாத்தினது."

அக்கா மெல்ல என் பக்கம் திரும்பினா. "பாத்தியே? நீயெல்லோ வேண்டாமெண்டனீ."

நான் அவவின் தலையணையைச் சரிசெய்தேன்.

அடுத்த மாதமே அக்கா போய்விட்டா. மகள் இன்றைக்கும் மற்றவர்கள் தோண்டிக் கொடுத்த சேற்றைத்தான் நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்க்கிறாள். எனக்குச் சண்டை பிடிக்க ஆளில்லை. ஆனால் அந்த ஒரு மாதத்தில் அக்கா ஹவுன்ஸ்லோ முழுவதற்கும் கதையைச் சொல்லி முடித்திருந்தா. செத்தவீட்டில், முன்பின் தெரியாத ஒரு அம்மா என் கையைப் பிடித்தா. "உங்கட மகளைத் தீவிலை காப்பாத்தினது அக்கான்ரை வெந்தயமாமே?"

மகள் பக்கத்தில்தான் நின்றாள். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஓம்," என்றேன்.