சுவருக்குச் சட்டை தைத்தவள்

மத்தியானம் திரும்பினால் போதும், டெய்லரக்காவின் முதுகுக்குப் பின்னால் சுவர் கொதிக்க ஆரம்பித்துவிடும். மேற்குப் பார்த்த அறை. வேர்வை சொட்டி வெள்ளைத் துணி கறையாகிவிடக் கூடாதே என்று கழுத்தில் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு மெஷினை மிதிப்பாள்.

ஒரு பள்ளிக்கூடத்துக்குச் சீருடை அளவெடுக்கப் போனவள், அங்கே சுவர் முழுக்கப் படர்ந்திருந்த கொடிக்குள் கையை விட்டுப் பார்த்தாள். ஜில்லென்றிருந்தது. ஐவி என்று பேர் சொல்லித் தோட்டக்காரர் ஒடித்துக் கொடுத்த தண்டை, ஈரத் துணியில் பொதிந்து பச்சைப் பிள்ளையைப் போலத் தூக்கி வந்து, தன் அறைச் சுவருக்கு வெளியே மூலையில் நட்டாள்.

கொடி லேசில் ஒட்டவில்லை. பெயிண்ட் அடித்த சுவர் வழுக்கிவிட்டது. அக்கா சளைக்கவில்லை. வெட்டி மிஞ்சிய துணியையெல்லாம் நாடாவாகக் கிழித்து, ஆணி அடித்து, பூப்போட்டதும் கட்டம் போட்டதுமாகக் கட்டிவிட்டாள்.

"ஊருக்கெல்லாம் தைச்சது போதாதுன்னு சுவத்துக்கும் சட்டை தைக்கிறா," என்று சிரித்தார் லாரி ஓட்டும் கணவர்.

"ஆமா, சொன்ன பேச்சு கேக்குது. உங்களை மாதிரியா?"

கடவுள் புண்ணியத்தில் கொடி பிடித்துக்கொண்டது. சில வருஷத்தில் சுவரே தெரியவில்லை. ஜன்னல் ஓரத்தை, சட்டைக்குக் கழுத்து வெட்டுவது போல அளவாகக் கத்தரித்துவிடுவாள். துண்டு வேலையில்லாமல் ஆணியில் தொங்கியது.

அப்புறம்தான் சாக்கடைக் குழாய் உடைந்தது. சரிபண்ண வந்தவன் கொழுந்தன். கொத்தனார், அடுத்த தெருவில் தனிக்கட்டை, ராத்திரிச் சாப்பாடு அண்ணி கையால்தான். அந்தச் சுவர் மூலையைத் தோண்டினான், குழாயை மாற்றினான், மண்ணை மூடிவிட்டுப் போனான். ஒரு வாரத்தில் இலையெல்லாம் தொங்கிப் பழுத்துவிட்டது. அக்கா மண்ணைக் கிளறினாள். அடித்தண்டு கடப்பாரை பட்டுத் துண்டாகிக் கிடந்தது.

அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நிமிர்ந்தால், கொழுந்தன் எதிரே நிற்கிறான். அவனும் பார்த்துவிட்டான்.

"சாப்பாடு வைக்கிறேன், வா தம்பி."

"பசிக்கலை அண்ணி."

போனவன் மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. அவன் ரோஷக்காரன். முன்பு ஒருமுறை அண்ணன் ஏதோ சொல்லிவிட்டார் என்று வருஷக்கணக்கில் இந்த வாசல்படி மிதிக்காதவன். அவனைத் திரும்பத் தட்டு முன்னால் உட்கார வைக்க அவள் பட்ட பாடு அவளுக்கும் ஆண்டவனுக்கும்தான் தெரியும். அன்று விளக்கேற்றியபோது, "கொடி போனா போகட்டும் சாமி, புள்ளையை விட்டுடாதே," என்றுதான் கும்பிட்டாள்.

கும்பிட்டது வீண்போகவில்லை. துவைக்கிற கல்லுக்குப் பின்னால், தரையோடு ஓடிய ஒரு கிளை தனியாக வேர்விட்டுப் பச்சையாக நின்றது. துவைத்த துணியைப் பிழியக்கூட இல்லை, அவன் வேலை செய்யும் இடத்துக்கே போய்விட்டாள்.

"தம்பி, சாரத்தை விட்டு இறங்கு."

"நாலு வார்த்தை திட்டிடுங்க அண்ணி. அப்பத்தான் மனசு ஆறும்."

"திட்ட எனக்கேது நேரம்? மலை மாதிரி துணி கெடக்கு. ஒரு கிளை பொழைச்சிருக்கு, ஏணி ஏறிக் கட்ட ஆள் வேணும். உங்கண்ணன் ஏறினா ஏணி பொழைக்காது."

அவனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சாயங்காலம் வந்துவிட்டான்.

"காஞ்சதைச் சுரண்டிடவா அண்ணி?"

"இருக்கட்டும். புதுசு அதைப் புடிச்சுக்கிட்டு ஏறட்டும்."

அவள் கொடுத்த நாடாக்கள் கொஞ்ச நேரத்தில் தீர்ந்துவிட்டன. "பத்தலையே அண்ணி."

"நாளைக்குக் கிழிச்சு வைக்கிறேன். வந்து கட்டு. இப்ப கையைக் கழுவிட்டுச் சாப்பிடு."

இப்படியே தினமும் நடந்தது. கணவருக்குப் பொறுக்கவில்லை. தம்பி போன பிறகு கேட்டார். "மூட்டை மூட்டையாத் துணி வெச்சிருக்க. நாலு நாடா சேத்துக் கிழிச்சுக் குடுக்கறதுக்கு என்ன கஞ்சத்தனம்?"

"எல்லாத்தையும் இன்னைக்கே கட்டிட்டான்னா, நாளைக்கு என்ன சாக்குல வருவான்?"

மறுநாள் மத்தியானம் சுவர் பழையபடி கொதித்தது. ஆணியில் தொங்கிய துண்டை எடுத்து உதறிக் கழுத்தில் சுற்றிக்கொண்டு மெஷினில் உட்கார்ந்தாள். பக்கத்தில், அன்றைக்கு வேண்டிய நாடாக்களை மட்டும் கிழித்து வைத்திருந்தாள்.