நம்பர் யாருக்குச் சொந்தம்

இந்த நாட்டில் காரை விற்கிறவர் நம்பர் பிளேட்டைக் கழற்றித் தன்னோடு வைத்துக்கொள்கிறார். கனடாவுக்கு வந்து இரண்டு வருடமாகியும் எனக்கு இது தெரியாது. ஒரு சனிக்கிழமை காலை கார் வாங்கப் போன இடத்தில், வயதான வெள்ளைக்காரர் ஒருவர் என் கண் முன்னாலேயே பிளேட்டைக் கழற்றியபோது திருட்டு வண்டியோ என்று எனக்குச் சந்தேகம் வந்தது. திங்கட்கிழமை புது வேலை; பஸ்ஸே போகாத ஊரில் ஒரு காளான் பண்ணை. கார் இல்லையென்றால் வேலையும் இல்லை. அதற்காகத் திருட்டு வண்டியை வாங்கி மாட்டிக்கொள்ள முடியுமா? யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டுத் தெருமுனைக்கு நடந்தேன். அவர் ஸ்க்ரூ டிரைவரும் கையுமாக என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

எங்கள் பக்கம் நம்பர் கடைசிவரை வண்டியோடுதான் இருக்கும். ஹட்டனுக்கு மேலே மலையில், எங்கள் தேயிலைத் தோட்டத்து வளைவில் பட்டப்பகலிலேயே பனி மூடிவிடும். முதலில் விளக்கு தெரியும், அப்புறம் நம்பர். நானும் அண்ணனும் மதகில் உட்கார்ந்து அதை வைத்தே வயசு சொல்வோம். ஸ்ரீ எழுத்து இருந்தால் கிழம், வெறும் எண் என்றால் நடுவயசு, இங்கிலீஷ் எழுத்து என்றால் இளசு. வண்டி எங்கே போகிறது என்று நாங்கள் யோசித்ததே இல்லை. இப்போதும் அந்த வளைவு கனவில் வரும். சத்தமே இருக்காது, பனிக்குள்ளிருந்து நம்பர்கள் மட்டும் மெதுவாக மிதந்து வரும்.

அண்ணன் இப்போது ஊரில் வாடகை வேன் ஓட்டுகிறார். தெருமுனையிலிருந்தே அவரைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். சிரித்துவிட்டார். ஜப்பானில் ஓடிக் களைத்த வண்டிகூட நம் ஊரில் புது நம்பரோடுதானே இறங்குகிறது என்றார்.

"நம்பரு, வண்டி நம்ம ஊருக்கு வந்த வருஷத்ததான் சொல்லும் தம்பி. பொறந்த வருஷம் சீட் பெல்ட்டுல இருக்கு. அடி வரைக்கும் இழுத்துப் பாரு. நாலு சீட்டுலயும் பாரு. ஒண்ணு மட்டும் புதுசா இருந்தா வண்டி எங்கயோ அடிபட்டிருக்கு."

திரும்பிப் போய் நான்கு பெல்ட்டையும் இழுத்தேன். நான் பாதுகாப்பில் கவனமான ஆள் என்று நினைத்தாரோ என்னவோ, வெள்ளைக்காரர் மெச்சுவது போலத் தலையாட்டினார். துணி லேபல்கள் நான்கிலும் ஒரே வருடம். வெள்ளைக்காரர் முதலில் சொன்ன அதே வருடம். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பிளேட்டைப் பற்றிக் கேட்டேன். இங்கே நம்பர் ஆளுக்குத்தான், வண்டிக்கு இல்லை என்றார். எத்தனை வண்டி மாற்றினாலும் அது கூடவே வருமாம்.

காரை வாங்கினேன். மதியத்துக்குள் வண்டிப் பதிவு அலுவலகத்தில் எனக்கும் ஒரு பிளேட் கொடுத்துவிட்டார்கள். சாயங்காலம், அங்கே ஞாயிறு காலை, வீடியோவில் அப்பாவிடம் காட்டினேன். அப்பா தோட்டத்து வரிசை வீடான லயத்து வாசலில் உட்கார்ந்திருந்தார். நாற்பது வருடம் உழைத்து ஓய்வு பெற்ற அன்றே, காம்பரா என்கிற அந்த லயத்து அறை வேலையில் இருக்கிறவர்களுக்கு மட்டும்தான் என்று தோட்டத்து ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். அண்ணி தோட்டத்தில் பேர் பதிந்து கொழுந்து பறிக்கப் போவதால்தான் அப்பா இன்னும் அந்த வாசலில் உட்கார முடிகிறது.

"வண்டிய வித்தாலும் இது ஒங்கிட்டயே இருக்குமா?" என்றார்.

"ஆமாப்பா."

பிளேட்டை இன்னொரு தடவை காட்டச் சொன்னார். "அப்ப வீட்டுக்கும் இந்த மாதிரி ஒண்ணு குடுத்திருக்காங்களா?"

நான் இருப்பது ஒரு வீட்டின் அடித்தளத்தில், வாடகை அறையில். இல்லப்பா என்றேன். அவர் தலைக்கு மேலே, கதவு நிலையில், தோட்டம் எழுதிய காம்பரா நம்பர் தெரிந்தது. என் மடியில் என் பேருக்குக் கொடுத்த நம்பர் கிடந்தது. உன் வீட்டு நம்பர் என்ன என்று அப்போது யாராவது கேட்டிருந்தால் இந்த இரண்டையுமே சொல்லியிருக்க முடியாது.