அப்பாவின் கன்னத்துச் செல்கள்

எண்ணெயில் வெங்காயம் பொரியும் சத்தம் மழைச் சத்தத்தோடு கலந்து, தேஹு ரோடு என்ற ஊரில் எங்கள் குவார்ட்டர்ஸ் வரிசை முழுக்கப் பஜ்ஜி வாசம் தூக்கியடித்த மாலை அது. வெங்காயம் சேர்க்காத நான்கு மாத விரதம் தொடங்குமுன் வீட்டிலுள்ள வெங்காயத்தையெல்லாம் தின்று தீர்க்கும் அந்த நாளை மராத்திக்காரர்கள் "காந்தே நவமி" என்பார்கள். வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்த அம்மாவும், பக்கத்து வீட்டு மராத்திச் சித்தியான "காக்கூ"வைப் பார்த்து அந்த வழக்கத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்குத்தானா அக்காவுக்கு வெங்காயம் வேண்டும்! பத்தாவது தேறிய அவளுக்கு சயின்ஸ் படிக்க ஆசை. ராணுவ டெப்போவில் ஃபிட்டராக இருந்த அப்பாவோ டைப்பிங் வகுப்பு போதும் என்று முடிவுசெய்திருந்தார். "கண்ணுக்கே தெரியாத செல்லப் படிச்சி இன்னா பண்ணப்போற? எங்க, எனுக்குக் காட்டு பாக்கலாம்" என்று அவர் கேலியாகச் சொன்னதைச் சவாலாக எடுத்துக்கொண்டு, பள்ளி டீச்சரிடம் கெஞ்சி ஒரு நாளைக்கு மட்டும் மைக்ராஸ்கோப்பை இரவல் வாங்கி, மழையில் நனையாமல் துப்பட்டாவில் சுற்றிக் கொண்டுவந்துவிட்டாள். வெங்காயத்தின் உள்தோலில் செல்கள் செங்கல் அடுக்கியதுபோலத் தெரியுமாம்.

"ஒன்னே ஒன்னு ஒளிச்சி வெச்சிருந்தனேம்மா!"

"பஜ்ஜில பூந்து தேடுடி."

வரிசையில் எந்த வீட்டிலும் ஒரு சருகுகூட மிச்சமில்லை. கடைகளையும் மழைக்கு அடைத்துவிட்டார்கள். அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஐந்தாவதோடு படிப்பை விட்டிருந்த எனக்கு, அவள் படிப்பும் போய்விடுமோ என்று பயம் வந்துவிட்டது. அப்போது அப்பா வந்து பஜ்ஜித் தட்டை இழுத்தார். அக்கா சட்டென்று நிமிர்ந்தாள்.

"அப்பா, வாயக் கொப்பளிச்சிட்டு வந்து ஆன்னு காட்டு."

"இன்னாடி, பல்லப் புடுங்கப் போறியா?"

சிரித்துக்கொண்டே அவர் வாயைத் திறக்க, தீக்குச்சியின் மருந்தில்லாத முனையால் கன்னத்தின் உட்புறத்தை மெல்லச் சுரண்டி, கண்ணாடித் துண்டில் தடவி, பேனா மையில் ஒரு சொட்டு விட்டாள். நான் டார்ச் பிடித்தேன். "தெரியுதுப்பா!" என்று அவள் கத்தியதும் அப்பா குனிந்தார். வெளிறிய நீலத்தில் ஒழுங்கற்ற வட்டங்கள், ஒவ்வொன்றின் நடுவிலும் கருநீலப் பொட்டு.

"இதுலாம் நானா?" அவர் குரல் இறங்கியிருந்தது. மறுகணம் வாசலுக்கு ஓடி, "காக்கூ, இக்டே யா!" என்று மழையை மிஞ்சிக் கூப்பிட்டார். குடையும் சாக்குமாக வரிசையே வந்து வாயைத் திறந்துகொண்டு நின்றது. காக்கூ தன்னுடையதையும் அப்பாவுடையதையும் மாறிமாறிப் பார்த்து, இரண்டும் ஒன்றுபோலத்தானே இருக்கிறது என்று வாய்விட்டுச் சிரித்தாள். அத்தனை பேருக்கும் நடுவில் அப்பா, "மேரி பேட்டி சயின்ஸ் படேகி" என்று அறிவித்தார். தன் மகள் சயின்ஸ் படிக்கப்போகிறாள் என்பதை ஊருக்குத்தான் முதலில் சொன்னார். அக்காவும் அப்போதுதான் கேட்டாள்.

அந்த வரிசையை எப்போதோ இடித்துவிட்டார்கள். காக்கூவும் இல்லை, அப்பாவும் இல்லை. கோந்த்வாவில் ரத்தப் பரிசோதனைக் கூடம் நடத்தும் அக்கா சொல்கிறாள்: கன்னத்துச் செல்கள் சில நாளில் உதிர்ந்து புதிதாக வருமாம், மூளையின் நரம்புச் செல்களோ பெரும்பாலும் கடைசிவரை கூடவே இருக்குமாம். அப்படியென்றால், அப்பா மழையில் கத்தியதைக் கேட்ட செல்கள் இன்னும் எனக்குள் உயிரோடு இருக்கின்றன!