சூரியனைப் பிடிக்கும்போது குனிய வேண்டும்

சங்கு வாங்க வருகிறவர் முதலில் அதைக் காதில் வைத்துப் பார்ப்பார், கடல் சத்தம் கேட்கிறது என்று தலையாட்டுவார், பிறகு சங்கை என் தார்ப்பாயில் வைத்துவிட்டுச் சத்தத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடுவார். பின்னால் நிஜக் கடல் கிடந்து கத்திக்கொண்டிருக்கும். அதைக் கேட்கச் சங்கு எதற்கு என்று நான் கேட்பதில்லை. கேட்டால் அடுப்பு எரியாது.

கன்னியாகுமரியில் சூரிய உதயம் பார்க்கக் கூட்டம் கூடுகிற இடத்தில், கைப்பிடிச் சுவரை ஒட்டி என் கடை. கடை என்றால் ஒரு தார்ப்பாய், அதன்மேல் சங்கு, சோழி, சிப்பி மாலை, பேர் எழுதிக் கொடுக்கும் சாவி வளையம். வீட்டுக்காரர் சேவியர் வள்ளத்தில் வழுக்கி விழுந்து முதுகில் அடிபட்டதிலிருந்து கடலுக்குப் போவதில்லை. மகள் ஜெனி நர்சிங் படிக்கிறாள். ஆக, தார்ப்பாய் விரிக்கிற அந்த இடம்தான் எங்கள் மூன்று பேருக்கும் சோறு. அது கைவிட்டுப் போனால் என்ன செய்வது என்று நினைத்து நினைத்தே எனக்குப் பாதி முடி கொட்டிவிட்டது.

கொரோனா வந்ததும் கடற்கரையைப் பூட்டினார்கள். கடலைப் பூட்ட முடியுமா என்று சிரிக்காதீர்கள். தகரம் அடித்து, கயிறு கட்டி, போலீஸ் போட்டுப் பூட்டினார்கள். பிறகு, பட்டினி கிடக்காதீர்கள் என்று உதவி செய்ய வந்தார்கள். அந்த உதவிகளைப் பற்றித்தான் எழுதுகிறேன். என்னைப்போல் தெருவில் விரித்துப் பிழைக்கிறவர்களுக்கு இதில் புதுசாக எதுவும் இருக்காது. வயிற்றெரிச்சலைப் பங்கு வைத்தால் கொஞ்சம் ஆறும், அவ்வளவுதான்.

குனி!

முதலில் எங்கள் இடத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். இங்கே படம் பிடித்து உடனே பிரிண்டு போட்டுக் கொடுக்கிறவர் ராசையா அண்ணன். வருகிறவர்கள் எல்லாருக்கும் ஒரே படம்தான் வேண்டும்: கையை நீட்டி, உள்ளங்கையில் சூரியனை ஏந்தியிருப்பதுபோல. எங்கள் கடைகள் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வரிசையாக இருப்பதால், சூரியனைப் பிடிக்கிற ஆளுக்குப் பின்னால் நாங்களும் படத்தில் விழுவோம். சங்கும் சிப்பியும் விழுந்தால் குற்றமில்லை, கடற்கரைக்கு அது அழகு. நாங்கள் விழக் கூடாது. அதனால் அண்ணன் கேமராவைத் தூக்கி "குனி!" என்று ஒரு சத்தம் போடுவார். வரிசை மொத்தமும் சாக்குக்கும் பெட்டிக்கும் பின்னால் தலையைக் கவிழ்த்துக்கொள்ளும். பதிலுக்கு அவர் தம் ஆட்களை எங்களிடம் சங்கு வாங்க அனுப்பிவைப்பார். யாரும் எழுதிவைக்காத சட்டம். இருபது வருஷமாக நான் மீறியதில்லை, ஒரு தடவை தவிர.

அது சபரிமலைக்குப் போகிற சாமிமார் வந்து குவிகிற சீசன். ஒரு சாமி பெரிய வலம்புரிபோலத் தெரிகிற சங்கைக் கையில் வைத்துக்கொண்டு அடிமாட்டு விலைக்குக் கேட்டார். நான் எழுந்து நின்று மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். "குனி" காதில் விழவில்லை. படம் எடுத்துக்கொண்டவர் பிரிண்டைப் பார்த்தார், "என் கையில சூரியன், பின்னாடி வாயப் பொளந்துகிட்டு இந்த அம்மா. இதுக்குக் காசு வேறயா?" என்று அண்ணன் கையில் திணித்துவிட்டு நடந்தார். மேகம் மூடிவிட்டது, மறுபடி எடுக்கவும் வழியில்லை. கெட்டுப்போன படத்தைப் பையில் செருகிக்கொண்டு அண்ணன் என்னிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது:

"ஏட்டி புஷ்பம், ஒரு நாளைக்கு ஒரு சூரியன்தான் வரும். அதையும் கெடுத்துட்டியே!"

முகம் தெரியணும்

ஊரடங்கில் முதலில் வந்த உதவி அரிசி. லாட்ஜ் நடத்துகிற சிலர் சேர்ந்து கொடுத்தார்கள். நல்ல அரிசிதான், அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். ஆனால் வாங்கிய பாடு இருக்கிறதே! ஒருவரை ஒருவர் தொடக் கூடாது என்று தரையில் சுண்ணாம்பு வட்டம் போட்டு, வெயிலில் நிறுத்தினார்கள். என் முறை வந்ததும் ஒரு தம்பி போனைத் தூக்கினான். "அம்மா, வட்டத்துக்குள்ள நின்னா படத்துல வரமாட்டீங்க. எல்லாரும் நெருங்கி வாங்க. மாஸ்க்க இறக்குங்க, முகம் தெரியணும்லா" என்றான். ஒட்டுவாரொட்டி நோய்க்குப் படம் எடுக்கும்போது மட்டும் விடுமுறைபோல.

அவன் போனை உயர்த்தியதும் நான் குனிந்துவிட்டேன். நினைத்துச் செய்யவில்லை, உடம்பு தானாக மடங்கியது. பக்கத்தில் நின்ற தங்கமும் குனிந்தாள். தங்கம் என் பக்கத்துக் கடைக்காரி, கலர் மண் பொட்டலம் விற்கிறவள். பின்னால் வரிசையில் நின்ற கடைக்காரர்கள் அத்தனை பேரும் குனிந்தார்கள். கொடுக்க வந்த பெரியவர்கள் மட்டும் அரிசிப் பையோடு நிமிர்ந்து நிற்க, எதிரே ஒரு ஆள் தலையும் இல்லை. "ஏன் குனியுறீங்க, வெக்கமா?" என்று தம்பிக்குக் கோபம். திரும்பத் திரும்ப எடுத்தான். திரும்பத் திரும்பக் குனிந்தோம். ஒருவழியாகப் பல்லைக் காட்டி நின்று, பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்ததும் தங்கம் சொன்னாள்:

"குனிஞ்சாத்தான் சோறுன்னு இருந்தோம் மக்கா, இப்பம் நிமிந்தாத்தான் சோறாம். ஒரு முடிவுக்கு வாங்கடே!"

வீட்டிலிருந்தே வியாபாரம்

அடுத்த உதவி பயிற்சி. வீட்டில் இருந்தபடி போனில் வியாபாரம் செய்யலாம் என்று ஜெனியின் போனில் ஒரு பெண் வந்து பாடம் நடத்தினாள். நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். "உங்கள் பொருளின் கதையைச் சொல்லுங்கள்" என்றாள். சங்குக்கு என்ன கதை? உள்ளே இருந்த பூச்சி செத்தது, ஓடு என்னிடம் வந்தது. இதைச் சொன்னால் யார் வாங்குவார்கள்?

இருந்தாலும் ஜெனி படம் போட்டாள். ஒரு நாள் கோயம்புத்தூரிலிருந்து ஒரு அம்மா கூப்பிட்டார்கள். பெரிய சங்கைக் காட்டச் சொன்னார்கள், திருப்பிக் காட்டச் சொன்னார்கள், போன் வாயருகே வைக்கச் சொன்னார்கள். நான் சங்கைப் போனோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு மூச்சு விடாமல் நின்றேன். கை கடுத்தது. உலைத் தண்ணீர் அடுப்பில் கொதித்து வழிந்தது. விலை சொல்லலாம் என்று நான் வாயைத் திறந்தபோது, அந்த அம்மா தழுதழுத்த குரலில் பேசினார்கள். அவர்கள் சொன்னதைக் கேட்டுச் சாபம் கொடுக்கவும் மனசு வரவில்லை, சும்மா விடவும் மனசு வரவில்லை.

"நல்லாக் கேட்டுச்சுங்க. வெளிய போயே ரொம்ப நாளாச்சு. சந்தோஷம்ங்க, வெச்சிரட்டுங்களா?"

கடை இருக்கு, ஆள் எங்கே?

பிறகு வந்ததுதான் பெரிய உதவி. தெருவோர வியாபாரிகளுக்கு அட்டை கொடுக்கப் போகிறார்கள், அட்டை உள்ளவர்களுக்கு நிவாரணம் என்றார்கள். கணக்கெடுக்க வந்த சார் இன்னொன்றும் சொன்னார்: கடற்கரை திறக்கும்போது அட்டை இருந்தால்தான் இடம். எனக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. ராசையா அண்ணனுக்குப் படம் பிடிப்பவர் சங்கத்து அட்டை இருந்தது. எங்களுக்கு எந்தச் சங்கமும் இல்லை. "கடையும் நீங்களும் சேர்ந்திருக்கிற படம் ஒண்ணு கொண்டாங்க, போதும்" என்றார் சார். அவருக்கு அது சின்ன விஷயம்.

நாட்டில் இருக்கிற பாதி வீட்டு அலமாரியில் என் கடை படமாக இருக்கும். என்னிடம் ஒன்றுகூட இல்லை. அண்ணன் தன் கேமராவில் கிடந்த படங்களை எல்லாம் ஓடவிட்டார். சூரியன், உள்ளங்கை, சூரியன், உள்ளங்கை. பின்னால் என் சங்கு, என் சிப்பி மாலை, தங்கத்தின் மண் பொட்டலம். ஆளை மட்டும் காணோம். எவ்வளவு ஒழுங்காகக் குனிந்திருக்கிறோம் என்று அப்போதுதான் தெரிந்தது. உள்ளதில் நல்லதாக ஒன்றைக் கொண்டுபோய்க் காட்டினோம். சார் அதைப் பெரிதாக்கிப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார்.

"கடை இருக்கு, ஒத்துக்கிறேன். ஆனா இது யாரும் இல்லாத கடையால்ல இருக்கு?"

எழுதுங்க சார்

அப்படியானால் புதுசாக ஒரு படம் எடுத்துவிடலாம் என்று தங்கம் வழி சொன்னாள். விடிந்தும் விடியாமலும் தார்ப்பாயைச் சுருட்டிக்கொண்டு போனோம். தகரத்துக்கு இந்தப் பக்கம் விரித்து, நாலு சங்கை வைத்து, நான் உட்கார்ந்தேன். ஜெனி போனைத் தூக்குவதற்குள் போலீஸ்காரர் வந்துவிட்டார். ஊரடங்கில் கடை விரித்ததற்கு அபராதம் எழுதப் போகிறேன் என்றார். நான் அவசரமாகச் சங்கைப் பொறுக்க ஆரம்பித்தேன். தங்கம்தான் துள்ளி முன்னால் வந்தாள்.

"எழுதுங்க சார். சங்குக் கடை புஷ்பம், கடை விரிச்சு வியாபாரம் பண்ணினான்னு நல்லாத் தெளிவா எழுதுங்க. எனக்கும் ஒண்ணு தனியா எழுதுங்க. கொண்டு போயி அந்த சார்ட்ட குடுத்தா எங்களுக்கு அட்டை கிடைச்சிரும்" என்றாள். போலீஸ்காரர் பேனாவைத் திறந்தவர் அப்படியே நின்றார். எங்கள் கதையை முழுசாகக் கேட்டார். பிறகு பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்தார்.

"அபராதம் போட்டா அது உங்களுக்கு உதவியால்ல ஆயிரும்? அதுக்கு எனக்கு உத்தரவு இல்லம்மா. சுருட்டிட்டு வீட்டுக்குப் போங்க."

கெட்டுப்போன படம்

காசு கொடுத்து வாங்கிய தாள் என்பதால், கெட்டுப்போன பிரிண்டு எதையும் ராசையா அண்ணன் எறிய மாட்டார். ஒரு நாள் பழைய பையை என் வீட்டு வாசலில் கவிழ்த்தார். கண் மூடிய ஆள், தலை வெட்டுப்பட்ட மாப்பிள்ளை, கை ஓரிடமும் சூரியன் ஓரிடமுமாகப் போன படம். அதற்குள்ளே நான்! சங்கைப் பிடித்துக்கொண்டு, வாயைப் பிளந்துகொண்டு, சாமியோடு மல்லுக்கட்டியபடி, என் கடைக்கு நடுவில் தூண்போல நிற்கிறேன். அன்று யாருக்கும் வேண்டாமல் போன படம். பார்த்ததும் அழுதுவிட்டேன். அண்ணனும் மூக்கை உறிஞ்சிக்கொண்டார், தூசு என்றார்.

சாரிடம் கொண்டு போனோம். "சூரியனப் பிடிச்சிட்டு நிக்காரே, உங்க வீட்டுக்காரரா?" என்று கேட்டார். இல்லை சார், காசு கொடுக்காமல் போனவர் என்றேன். என் முகத்தையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்து, சரி என்றார். தங்கம் ஓரமாகப் படத்தைத் தொட்டுக் காட்டினாள். என் பக்கத்தில், மண் பொட்டலங்களுக்குப் பின்னால், பச்சை வளையல் போட்ட ஒரு முழங்கை தெரிந்தது. "அது நானாக்கும் சார்" என்று அதே வளையல் கையை நீட்டினாள். வளையலைப் பாருங்கள் என்று நானும் கெஞ்சினேன். அன்று ஒழுங்காகக் குனிந்தவள் அவள், குனியாதவள் நான். அட்டை எனக்கு. சார் படத்தை மேசையில் வைத்தார்.

"முழங்கைக்கு எல்லாம் அட்டை குடுக்க முடியாதும்மா."

திறந்த பிறகு

நிவாரணம் நிவாரணம் என்று சொல்லி வந்தது, கடைசியில் பார்த்தால் வங்கிக் கடன். சீக்கிரம் திருப்பிக் கட்டினால் இன்னும் பெரிய கடன் தருவார்களாம், அதுவும் உதவியாம். வாங்காமல் முடியுமா? ஜெனிக்குக் கல்லூரிப் பணம் கட்ட வேண்டும், சரக்கு எடுக்க வேண்டும். வாங்கினேன்.

தகரத்தைப் பிரித்த அன்று என் இடத்தில் தார்ப்பாயை விரித்தேன். பாதியில் சங்கு, பாதியில் தங்கத்தின் மண் பொட்டலம். அவளுக்கு இடம் கிடையாது என்று சொல்ல வந்த சாரிடம், இது என் கடை, மண்ணும் நான்தான் விற்கிறேன், இவள் எனக்க தங்கச்சி என்றேன். நான் மாதா கோயிலுக்குப் போகிறவள், அவள் நெற்றியில் நாமம் இட்டு, அய்யாவழிக்காரர்கள் கும்பிடும் பதிக்குப் போகிறவள். சார் அவள் நெற்றியைப் பார்த்தார், என் கழுத்து ஜெபமாலையைப் பார்த்தார், அடுத்த கடைக்கு நகர்ந்தார்.

சூரியன் எழும்பியது. ஒருவர் கையை நீட்டி நின்றார். ராசையா அண்ணன் பழக்கத்தில் "குனி!" என்றார். நான் குனியவில்லை. தங்கம் எழுந்தே நின்றுவிட்டாள். இனி எந்த சார் எப்போது படம் கேட்பாரோ! பார்த்தால் வரிசையில் ஒருவர்கூடக் குனியவில்லை, குல்லாய் விற்கிறவர் முதல் சுண்டல்காரி வரை முகத்தைக் கேமராவுக்குக் காட்டிக்கொண்டு விறைத்து நிற்கிறோம். அண்ணன் எங்களைப் பார்த்தார். முணுமுணுத்துக்கொண்டே மண்ணில் மல்லாந்து, நாங்கள் விழாதபடி கேமராவை வானத்துக்குத் தூக்கிப் படம் எடுத்தார். அந்த வயதில் பாவம், இனி குனிய வேண்டியவர் அவர்தான். சூரியனைப் பிடித்தவர் கையை இறக்கிவிட்டு எங்களைத் திரும்பிப் பார்த்தார், அவர் முகம் சுளித்தது.

"வருஷா வருஷம் வாறேன், முன்னெல்லாம் இங்க ஒரு ஆளு கிடையாது. இப்ப எங்கிருந்துதான் இவ்வளவு பேரு முளைச்சாங்களோ!"

ஆக, இந்த நிவாரணத்தில் எனக்குக் கிடைத்தது நிமிர்ந்து நிற்கலாம் என்கிற ஒரு விஷயம்தான், அதற்கும் மாதாமாதம் வங்கியில் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறேன்.