வாயு இல்லாத அறையில் எழுந்த முனை

ஆய்வு மாணவி என்றால் பெரிய ஆய்வுகூடம் இருக்கும் என்று நினைக்கிறார்கள். எனக்கு இருந்தது லிங்கநகர் வீட்டில் குசினிக்குப் பக்கத்து அறை, ஒரு மடிக்கணினி, ஆடுகிற ஒரு கதிரை. மோதல் எல்லாம் வெளிநாட்டில். வேகமான அயன்களை, அதாவது சில இலத்திரன்களை இழந்த அணுக்களை, ஈலியம் வாயு உள்ள ஒரு அறைக்குள் விடுவார்கள். அவை ஈலியம் அணுக்களோடு மோத, இலத்திரன்கள் பிய்ந்து பறக்கும். அவற்றின் வேகத்தையும் திசையையும் அளந்து எனக்குக் கோப்பாக அனுப்புவார்கள்.

பிய்ந்தவற்றில் சில, அயனுக்குப் பக்கத்திலேயே அதே வேகத்தில் போகும். அயன் அவற்றைப் பிடிப்பதும் இல்லை, அவை விலகுவதும் இல்லை. வரைபில் அந்த இடத்தில் ஊசி போல ஒரு முனை எழும். இது தெரிந்த விஷயம். என்னுடைய முனை, கோட்பாடு சொன்னதைவிட உயரம். அந்த மிச்ச உயரம்தான் என் கலாநிதிப் பட்டம். வேறு சரக்கு என்னிடம் இல்லை.

வாயு உள்ளே வராமல் அடைத்துவிட்டும் ஒருமுறை அளப்பார்கள். அதற்கு வெற்று ஓட்டம் என்று பெயர். அதைக் கழித்தால்தான் கணக்கு சரிவரும். எங்கள் பேராசிரியர் பழைய வெற்று ஓட்டம் ஒன்றையே எல்லாவற்றிலும் கழிக்கச் சொல்வார். இயந்திரத்தில் நேரம் கிடைக்காதாம். சோம்பல் என்பேன் நான். அந்தந்த நாளின் வெற்று ஓட்டங்களைக் கேட்டு வாங்கினேன்.

அவை வந்த பின்னேரம், மழை இருட்டு. துறைமுகத்தில் ஒரு கப்பல் விட்டுவிட்டு ஊதியது. முதல் வெற்று ஓட்டத்தின் கோப்பைத் திறந்தேன். தரையோடு கிடக்க வேண்டிய கோடு நடுவில் நிமிர்ந்து நின்றது. அதே வேகம், அதே இடம். மோதுவதற்கு அங்கே எதுவும் இல்லை. அடுத்த கோப்பிலும் அது நின்றது.

தேத்தண்ணி கொண்டுவந்த தங்கச்சி கதவடியில் நின்றாள்.

"என்னக்கா, பேயைக் கண்ட மாதிரி இருக்கிறீங்க?"

"ஒண்டுமில்லாத இடத்தில இருந்து வருது."

"விபூதி கொண்டுவரட்டோ?"

"வாயைப் பொத்து."

சிரித்தாள். ஆனால் உள்ளே வரவில்லை. கோப்பையை வாசலிலேயே வைத்துவிட்டுப் போனாள்.

வெளிநாட்டு ஆய்வுகூடத்துக்கு எழுதிக் கேட்டேன். வழியில் உள்ள துவாரத்தின் விளிம்பில் அயன் உரசி, தன்னுடைய இலத்திரனையே சிந்துகிறது என்றார்கள். பேயில்லை. காரணம் தெரிந்த பிறகும் அந்தக் கோட்டைத் தனியே பார்க்க எனக்கு விருப்பமில்லை. பழைய வெற்று ஓட்டத்தில் அந்த முனை இல்லை; புதியவற்றைக் கழித்தேன். என் மிச்ச உயரம் முழுக்கப் போய்விட்டது.

பேராசிரியருக்குப் போன் எடுத்தேன்.

"சேர், மிச்சம் ஒண்டுமில்லை."

"பழசையே கழியும். ஆர் பாக்கப் போறாங்க?"

"நான் பாத்திட்டன்."

"நீர் பாத்ததுக்கு ஆரும் பட்டம் தரமாட்டாங்க, பிள்ளை."

"அப்ப தரவேண்டாம், சேர்."

வைத்துவிட்டார். மிச்ச உயரத்தைப் பற்றிய அத்தியாயத்தை முழுக்க வெட்டினேன். மோதல் நடக்காத அறையின் வரைபை முதலில் வைத்து, திரும்ப எழுதி அவருக்கே அனுப்பினேன். இன்னும் பதில் இல்லை.