ஆறு எண்ணும் வரை

மூன்று வருடங்களுக்கு முன், சிவகாசி பக்கம் ஒரு பள்ளியில் பிளஸ் டூ மாணவிகளுக்கு நான் இயற்பியல் எடுத்துக்கொண்டிருந்தபோது நடந்தது இது. பொதுத்தேர்வுக்கு மூன்றே வாரம் இருந்தது.

அப்போது பொறுமை என்பது என்னிடம் மருந்துக்கும் கிடையாது. கேள்வி கேட்பேன், பிள்ளைகள் வாயைத் திறப்பதற்குள் அடுத்த ஆளிடம் தாவிவிடுவேன். என்னிடம் அதிகம் மாட்டியவள் எம்.புதுப்பட்டியிலிருந்து வந்த ஒரு மாணவி. ஒலியின் வேகத்தைச் சட்டென்று சொல்லவில்லை என்று ஒரு நாள் வகுப்பு முடியும் வரை அவளை நிற்க வைத்தேன். அடுத்து வந்த திருப்புதல் தேர்வில் வெறும் தாளைக் கொடுத்துவிட்டுப் போனவள், பிறகு பள்ளிக்கே வரவில்லை. பொதுத்தேர்வையும் விட்டுவிடுவாளோ என்று பயந்து ஒரு சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன்.

பட்டாசு ஆலையிலிருந்து அவள் அம்மா அப்போதுதான் திரும்பியிருந்தார். கை கழுவியும் நகக்கண்ணில் வெள்ளிப்பொடி மின்னியது.

"வாங்க டீச்சர். இவளுக்குப் பரிச்சை வேணாமாம், என்கூட வெடி ஆபீசுக்கு வாராளாம். பதினெட்டு ஆவாம அங்கன கேட்டுக்குள்ளயே விட மாட்டாக. நீங்களே சொல்லுங்க!"

"கேள்வியப் பாத்ததும் எல்லாம் மறந்துருது டீச்சர்" என்று அவள் அழுதாள். நானும் எனக்குத் தெரிந்த அறிவுரையெல்லாம் அவிழ்த்துவிட்டேன். ஒன்றும் ஏறவில்லை.

டி.வி.யில் ஏதோ படம் ஓடிக்கொண்டிருந்தது. கதாநாயகன் மலை உச்சியில் நிற்க, தொலைதூரத்தில் ஒரு கோட்டை வெடித்துச் சிதறியது. அதே நொடியில் சத்தமும் வந்தது. அழுதுகொண்டிருந்தவள் பொசுக்கென்று சிரித்துவிட்டாள்.

"பொய் டீச்சர்! அம்புட்டு தூரத்துல வெடிச்சா, வெளிச்சத்தோட சேந்தா சத்தம் வரும்?"

என் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்துப் போனாள். கம்பெனிக்காரர்கள் புது வாணவெடிகளை விட்டுச் சோதிக்கும் நேரம் அது. தூரத்து வானத்தில் பச்சையாக ஒன்று விரிந்தது. நான் ஏதோ சொல்ல வந்தேன்.

"இருங்க டீச்சர், பேசாதீக!"

விரல்விட்டு எண்ணினாள். ஆறில் சத்தம் வந்தது.

"ரெண்டு கிலோமீட்டர். மூணு எண்ணுனா ஒரு கிலோமீட்டர். சின்னப்பிள்ளையில இருந்தே நாங்க இப்படித்தான்."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. இவளையா நிற்க வைத்தேன்! "தப்பு என் மேலதான்டா. பரிச்சையில ஒண்ணும் ஓடலைன்னா இப்படியே எண்ணு. சத்தம் வந்துக்கிட்டுத்தான் இருக்கும்" என்றேன். அவள் அம்மா சிரித்துக்கொண்டே எனக்குக் கலர் சோடா வாங்கிவரக் கிளம்பினார்.

இயற்பியல் தேர்வு முடிந்ததும் அவள் என்னைத் தேடி ஓடி வந்தாள்.

"முதக் கேள்விக்குப் பதினொண்ணு வரைக்கும் எண்ணுனேன் டீச்சர்!"

"வந்துச்சா?"

"வந்துருச்சு!"

அவளைக் கட்டிக்கொண்டேன்.

இப்போதெல்லாம் வகுப்பில் கேள்வி கேட்டுவிட்டு, மேசைக்கடியில் விரல்விட்டு எண்ணுகிறேன். பெரும்பாலும் ஆறுக்குள் எங்கிருந்தாவது ஒரு கை தயங்கித் தயங்கி உயர்ந்துவிடுகிறது; அந்தச் சாயங்காலத்துக்கு முந்தைய பத்து வருடங்களில் நான் காத்திராமல் விட்ட கைகள் எத்தனையோ என்று நினைக்கும்போதுதான் மனசு வலிக்கிறது.