தொப்பை தட்டும் பட்டன்

குசுமோட்டோ இசாவோவின் இடது கைக்கு வாழ்க்கையில் வாய்த்ததெல்லாம் குமிழ்தான். பகல் முழுக்கக் காய்கறிக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினான். அந்த வண்டியின் ஸ்டியரிங்கில் ஒரு குமிழ் உண்டு. இடது கையால் அதைப் பிடித்துத்தான் சுழற்ற வேண்டும். வேலை முடிந்ததும் நேரே கேம் சென்டர். அங்கே வீடியோ கேம் மெஷினில், ஆளை நகர்த்தும் ஸ்டிக்கின் உச்சியில் இன்னொரு குமிழ். ஊரில் மற்றவர்கள் பெண்டாட்டி கையைப் பிடித்தார்கள், பிள்ளை கையைப் பிடித்தார்கள். இவனுக்கு அந்த இரண்டும் அமையவில்லை. நாற்பத்து நான்கு வயதுவரை குமிழைப் பிடித்தே காலத்தைத் தள்ளிவிட்டான்.

கேம் சென்டர் இருந்தது ஒசாக்காவை ஒட்டிய அமாகசாக்கி ஊர்க் கடைத்தெருவில், மூடிக்கிடந்த செருப்புக்கடைக்கு மேல்மாடியில். சண்டை மெஷின்கள் இரண்டிரண்டாக முதுகோடு முதுகு ஒட்டி நிற்கும். இந்தப் பக்கம் நீ, அந்தப் பக்கம் எதிராளி. நடுவில் இரண்டு திரைகளும் சுவர் மாதிரி. அவன் மூஞ்சி உனக்குத் தெரியாது, உன் மூஞ்சி அவனுக்குத் தெரியாது. உதைக்கிறவன் முகத்தைப் பார்க்காமல் உதை வாங்குவது எவ்வளவு பெரிய சௌகரியம் என்பது பள்ளிக்கூடத்தில் உதை வாங்கியவர்களுக்குத்தான் புரியும்.

இசாவோவுக்கு அந்தப் பக்கத்தில் இருபது வருஷமாக ஒரே ஆள். மிசோகுச்சி. ரயிலடிக்குப் பக்கத்தில் சலூன் வைத்திருந்தான். ஏழு மணிக்குக் கடையைச் சாத்திவிட்டு, சட்டைக் காலரில் யார் யார் தலைமயிரோ ஒட்டியிருக்க, மாடி ஏறி வருவான். வணக்கம் கிடையாது, நலமா கிடையாது. அந்தப் பக்கம் காசு விழும் சத்தம். அப்புறம் மெஷினுக்கு மேலாக ஒரு குரல்:

"டேய் குண்டா, இன்னும் உசுரோட இருக்கியா?"

இசாவோ காய்ந்த கணவாய் மீன் மாதிரி வற்றலாக இருப்பான். குண்டன் அவன் ஆட்டத்தில் எடுக்கும் மல்லன். தொந்தியும் தொப்பையுமாக, மெதுவாக நகர்ந்து, எதிராளியின் பக்கத்தில் போய், ஒரே பிடி. அந்தப் பிடிக்கு ஸ்டிக்கைக் கண்மூடித் திறப்பதற்குள் முழு வட்டமாகச் சுழற்ற வேண்டும். மிசோகுச்சி எடுப்பது ஒல்லிப் பையன் ஒருவனை. தூரத்தில் நின்றுகொண்டே நெருப்பை வீசுவான். இருபது வருஷமாக ஒருவன் நெருங்கப் பார்த்தான், ஒருவன் நெருங்க விடவில்லை. இதற்குப் பெயர் சிநேகிதமா என்று இரண்டு பேரில் யாரும் யோசித்தது கிடையாது. யோசிக்க நேரம் இல்லை, நெருப்பு வந்துகொண்டே இருந்தது.

அந்த மெஷினில் ஸ்டார்ட் பட்டனை ஆட்டத்தின் நடுவில் அழுத்தினால் ஆள் நக்கல் அடிப்பான். ஒல்லி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பான். மல்லன் தன் தொப்பையை இரண்டு தட்டுத் தட்டுவான். ஜெயிக்கப்போகிறோம் என்று தெரிந்த நொடியில் கடைசிப் பிடிக்கு முன்னால் தொப்பையைத் தட்டுவது இசாவோவின் வழக்கம். அவன் வாயால் யாரையும் கிண்டல் செய்தவன் இல்லை. அவனுக்கு இருந்த ஒரே கெட்ட வார்த்தை அந்தப் பட்டன்.

மரத்துப்போவது முதலில் சுண்டு விரலில் தொடங்கியது. அப்புறம் மோதிர விரல். இசாவோ ஸ்டிக்கைப் பிடிக்கிற பிடி வேறு மாதிரி. உள்ளங்கை மேலே பார்க்க, அந்த இரண்டு விரல்களின் இடுக்கில் கம்பி போகும். வைன் கோப்பைப் பிடி என்பார்கள். இசாவோ வைனைக் கண்டானா? அவன் குடித்ததெல்லாம் டின்னில் வருகிற சாராய சோடா. ஆனால் பிடி அதுதான். இப்போது கம்பி இடுக்கில் இருக்கிறதா இல்லையா என்பதே தெரியவில்லை. முழு வட்டம் முக்கால் வட்டமாயிற்று. வட்டம் மூடாததால் மல்லன் பிடிக்கப் போய்ச் சும்மா குதித்தான்.

மருத்துவர் முழங்கையைத் தட்டிப் பார்த்தார். நரம்பு நசுங்கிவிட்டது என்றார். ஆபரேஷன் பண்ணலாம், பழையபடி வருமென்று சொல்ல முடியாது என்றார்.

"குமிழைப் பிடிச்சு முறுக்குற வேலையெல்லாம் இனிமே வேண்டாம்."

"எந்தக் குமிழு டாக்டர்?"

"எத்தனை வச்சிருக்கீங்க?"

கிடங்கில் அவனை வண்டியிலிருந்து இறக்கி முட்டைக்கோசுக்கு ஸ்டிக்கர் ஒட்டும் மேசைக்கு மாற்றினார்கள். ஒரு குமிழ் போயிற்று. அதற்காக அவன் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. இரண்டாவதை விட்டால் அந்தப் பக்கத்துக் குரலையும் விட வேண்டும். அதை மட்டும் அவனால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

அந்த மாசம் முடி வெட்டிக்கொள்ளப் போனான். சலூனில் அவர்கள் ஆட்டம் பற்றிப் பேச மாட்டார்கள். அது மாடி விஷயம். எழுந்து காசு கொடுக்கும்போது இடது கையில் இருந்த சில்லறை விரலிடுக்கு வழியாகத் தரையெல்லாம் கொட்டியது. வேறு நாளாக இருந்தால் மிசோகுச்சி, "வயசான காலத்துல கையில ஓட்டையா?" என்று தொடங்கி மூன்று நிமிஷம் ஓட்டியிருப்பான். அன்று குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினான். பாவம், களைப்பு போல என்று இசாவோ நினைத்துக்கொண்டான்.

கேம் சென்டரின் மூலையில், கழிப்பறைக் கதவுக்குப் பக்கத்தில், ஒரு பெஞ்சும் டிவியும் வீட்டுக் கன்சோல் ஒன்றும் கிடந்தன. அவரவர் சொந்தக் கருவியை மாட்டி ஆடலாம். மெஷின்காரர்கள் அதற்கு வைத்த பெயர் பால்வாடி. அங்கே கேம்பேட் என்கிற கைக்கருவியைப் பிடித்து ஆடினால் இடது கையில் கட்டைவிரல் ஒன்றே போதும். இசாவோவின் கட்டைவிரல் நன்றாகத்தான் இருந்தது. அதனால் ஒரு சாயங்காலம் தலையைக் குனிந்துகொண்டு, மெஷின்களில் காசு எடுக்கும் சதாயோ அக்காவிடம் போனான்.

"அக்கா, பழைய கேம்பேட் ஏதாச்சும் இருக்கா?"

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

அவள் காய்ந்த கணவாய் மெல்வதை நிறுத்தினாள். டிராயரைக் குடைந்து ஒன்றை எடுத்தாள். "சின்னப் பசங்க தின்னுக்கிட்டே ஆடினது. பாரு, ஒகோனோமியாக்கி அடையோட சாஸ் இன்னும் ஒட்டியிருக்கு. உனக்கென்னடா வந்தது? ஸ்டிக்கு கசந்துபோச்சா?"

"சும்மா, ஒரு மாறுதலுக்கு."

"மாறுதலுக்கு ஜனங்க வெந்நீர் ஊத்துக்குப் போவாங்கடா."

கட்டைவிரலால் முழு வட்டம் போடுவது, ஒற்றை விரலால் தேர் இழுக்கிற மாதிரி. மேல்தோல் கொப்பளித்தது, கொப்பளம் உடைந்தது, பிளாஸ்திரி ஒட்டினான், பிளாஸ்திரி வழுக்கியது. ஸ்டிக்காவது 'டக் டக்' என்று பதில் சொல்லும். கேம்பேடு ஊமை. பள்ளிக்கூடம் விட்டு வருகிற பொடிசுகள்கூட அவனை அடித்துத் துவைத்தார்கள். குளிர்காலம் முழுக்க அப்படியே போயிற்று. பிளம் மரம் பூக்கிற சமயத்தில் வட்டம் மூடியது. கட்டைவிரலுக்குக் காய்ப்பு வந்துவிட்டது.

அதுவரை மெஷின் பக்கமே இருந்த மிசோகுச்சி முதல் தடவை பால்வாடிக்கு வந்து நின்றபோது இசாவோ முதுகை இறுக்கிக்கொண்டான். என்னவெல்லாம் சொல்லுவான் என்று முன்கூட்டியே பட்டியல் போட்டு வைத்திருந்தான்; ஃபீடிங் பாட்டில் வாங்கித் தரவா, அரைஞாண் கட்டிவிடவா.

"ஓ, கேம்பேடா? நல்லதுதான்" என்றான் மிசோகுச்சி.

சொல்லிவிட்டுப் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து கன்சோலில் மாட்டுகிற தன் ஸ்டிக் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டான். இருபது வருஷத்தில் அவன் வாயிலிருந்து 'நல்லதுதான்' வந்தது அன்றுதான். இசாவோவுக்குச் சுருக்கென்றது.

பக்கத்தில் உட்கார்ந்து ஆடுவது வேறு மாதிரி இருந்தது. தோள் இடித்தது. மிசோகுச்சியின் மேல் சவர நுரை வாசம் அடிக்கும் என்று இசாவோவுக்கு அதுவரை தெரியாது. சில நேரம் அவன் கண் திரையை விட்டு இறங்கி, பிளாஸ்திரி ஒட்டிய விரலுக்கு வந்துவிட்டுப் போகும். ஆனால் இசாவோ ஜெயிக்கத் தொடங்கியிருந்தான். மூன்றில் ஒன்று, அப்புறம் இரண்டில் ஒன்று. ஜெயிக்கிறவன் எதையும் உற்றுப் பார்ப்பதில்லை. படியிறங்கும்போது வாய்க்குள் ஏதோ மெட்டு முனகிக்கொண்டு போனதாகச் சதாயோ அக்கா பிறகு சொன்னாள்.

வருஷாவருஷம் வசந்தத்தில் ஒசாக்காவில் ஒரு போட்டி நடக்கும். வீட்டுக் கன்சோலில்தான் ஆட்டம், கருவி அவரவருடையது. ஒரு விதி உண்டு: ஆட்டம் ஓடும்போது நிறுத்துகிறவனுக்கு அந்தச் சுற்று போச்சு, எதிராளி மன்னித்தால் ஒழிய. கன்சோலில் ஸ்டார்ட் பட்டன்தான் நிறுத்துகிற பட்டன். ஸ்டிக் பெட்டிகளின் பக்கவாட்டில் அதைப் பூட்டிவைக்க ஒரு சின்ன விசை இருக்கும். கேம்பேடுக்குப் பூட்டு இல்லை. இசாவோவுக்கு இது தெரியும். நன்றாகவே தெரியும்.

நான்காவது ஆட்டத்தில் இருவர் பெயரும் எதிரெதிரே வந்தன. ஆளுக்கு ஒரு சுற்று ஜெயித்தார்கள். மூன்றாவதில் நெருப்பு மழையாகப் பெய்தது. மல்லன் குனிந்தான், தடுத்தான், ஒரு சாண் நகர்ந்தான், அடி வாங்கினான், மறுபடி நகர்ந்தான். ஒல்லியை மூலைக்குத் தள்ளிவிட்டான். ஒல்லிக்கு உயிர் ஒரு நூல். இன்னும் ஒரு பிடி. பின்னால் நின்ற கூட்டம் எட்டிப் பார்த்தது.

அந்த நொடியில் இசாவோவுக்குக் கேம்பேடு மறந்தது, முழங்கை மறந்தது, முட்டைக்கோசு மறந்தது. மாடியில் இருந்தான், சுவருக்கு அந்தப் பக்கம் மிசோகுச்சி இருந்தான். வலது கட்டைவிரல் தானாகப் போய் ஸ்டார்ட் பட்டனில் தொப்பையைத் தட்டியது.

திரை உறைந்தது.

கூட்டத்தில் ஒருவன் சிரித்துவிட்டு நிறுத்திக்கொண்டான். நடுவராக நின்ற பெண் இருவரையும் பார்த்தாள். "நிறுத்திட்டாங்க. மிசோகுச்சி, நீங்க என்ன சொல்றீங்க?"

மிசோகுச்சி தன் ஸ்டிக்கையே பார்த்துக்கொண்டிருந்தான். "பரவால்ல. தொடரட்டும்."

குரலில் கிண்டல் இல்லை. சலூனில் தரையில் சில்லறை பொறுக்கிய அதே முதுகு, அதே குனிவு. இசாவோவுக்கு அப்போதுதான் எல்லாம் சேர்ந்து உறைத்தது: மிசோகுச்சி பாவம் பார்க்கிறான். கேம்பேடை மேசையில் வைத்தான்.

"விதி விதிதான். சுற்று அவனுக்கு."

"டேய், ஆடுடா" என்றான் மிசோகுச்சி மெதுவாக.

"சுற்று அவனுக்குங்க" என்றான் இசாவோ நடுவரிடம்.

சாயங்கால ரயிலில் இருவரும் கைப்பிடி வளையம் பிடித்து நின்றார்கள். மிசோகுச்சிதான் தொடங்கினான்.

"தொப்பையைத் தட்டத்தானே போனே?"

"ஆமா."

"முட்டாப்பயலே." அதுவும் பாதியில் தேய்ந்துபோயிற்று. அப்புறம், "ஆபரேஷன் எப்போ?" என்றான்.

"யார் சொன்னா உனக்கு?"

"நாள் முழுக்கக் கண்ணாடியில ஜனங்களைப் பாக்குறவன்டா நானு."

இசாவோ கைப்பிடி வளையத்தை வலது கைக்கு மாற்றினான். "பால்வாடியில நான் ஜெயிச்சேனே. அதுல எத்தனை நீயா விட்டது?"

ரயில் யோதோ ஆற்றுப் பாலத்தில் ஏறியது. பாலம் முடிகிறவரை மிசோகுச்சி வாயைத் திறக்கவில்லை.

"ஒண்ணும் விடல" என்றான் அக்கரை வந்த பிறகு.

பாலம் நீளமானது. இசாவோ பால்வாடி வெற்றிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். நல்ல காசு எது, செல்லாக் காசு எது என்று ஒன்றிலும் தெரியவில்லை. தெரியாததால் எல்லாவற்றையுமே தூக்கிப் போட்டுவிட வேண்டியிருந்தது.

மறுநாள் வேலை முடிந்ததும் மாடி ஏறினான். பால்வாடிப் பக்கம் திரும்பவில்லை. சதாயோ அக்காவிடம் கேம்பேடை நீட்டினான். சாஸ் கறை போகும்படி துடைத்திருந்தான்.

"மாறுதல் முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

அவள் அவன் இடது கையைப் பார்த்தாள். கேம்பேடை டிராயரில் போட்டுவிட்டுக் கணவாயை மென்றாள்.

இசாவோ தன் பழைய மெஷினில் உட்கார்ந்தான். மரத்துப்போன விரல்களின் இடுக்கில் கம்பியை வலது கையால் பொருத்திக்கொண்டான், செருப்பு மாட்டுகிற மாதிரி. ஏழு மணிக்குமேல் படியில் காலடி கேட்டது. அது பால்வாடி வரை போயிற்று, நின்றது, திரும்பி வந்தது. அந்தப் பக்கத்து நாற்காலி கிறீச்சிட்டது. காசு விழ வெகுநேரம் ஆயிற்று. அப்புறம் விழுந்தது.

மல்லன் பிடிக்கப் போய்க் குதித்தான். நெருப்பு வந்தது. மறுபடி குதித்தான், மறுபடி நெருப்பு. ஒரு சாண்கூட நெருங்க முடியவில்லை. இருபது வருஷத்தில் மிசோகுச்சி அப்படிக் கொடூரமாக ஆடியதில்லை. ஒரு இடைவெளி விடவில்லை, ஒரு அடி குறைக்கவில்லை. மல்லன் கடைசியாக விழப்போகும் நேரத்தில் ஒல்லி நின்றான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சிரித்து முடித்துவிட்டுத்தான் கொளுத்தினான்.

முழங்கையிலிருந்து சுண்டு விரல் நுனிவரை காய்ச்சிய கம்பியை இழுத்த மாதிரி வலித்தது. இசாவோ அடுத்த காசை எடுத்தான். இடது கையால் முடியாது என்று வலது கையால் எடுத்தான். அவன் தாமதித்தது அந்தப் பக்கம் தெரிந்திருக்க வேண்டும். சுவருக்கு மேலாகக் குரல் வந்தது. கரகரப்பாக இருந்தது, ஆனால் சத்தமாக இருந்தது.

"டேய் குண்டா! செத்துட்டியா? காசைப் போடுடா!"

போட்டான்.